வாளும் சவரக்கத்தியும்

கோட்டைக் காவலன் வீரணனின் மீசை ஊரறிந்தது. அதன் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் நிற்கும் என்பார்கள். யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

சந்தையில் மூக்கன் என்பவன் அவன் எதிரே நின்று தன் மீசையை முறுக்கிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். பேச்சு முற்றியது. நாளைக் காலை கண்மாய்க்கரையில் வாள்சண்டை, இருவரில் ஒருவர் சாகும்வரை என்று முடிவாயிற்று.

வீரணன் தன் ஆசான் ஒச்சப்பனைத் தேடி வந்தான். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வழுவழுவென்று மழித்த முகம். அந்தக் காலத்தில் மீசையில்லாத வாள்வீரரைப் பார்ப்பது அபூர்வம். முப்பது வருஷத்துக்கு முன் ஏதோ சண்டையில் தோற்று மீசையை எடுத்தவர் என்று ஊரில் பேச்சு. வீரணனுக்கு அதில் கொஞ்சம் வெட்கம் உண்டு.

"ஐயா, உங்க வாளைத் தரணும்."

"யாரோட சண்டை?"

"மூக்கனோட. ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டான்."

"அவனுக்குப் பிள்ளை இருக்கா?"

"இல்லை."

"அண்ணன், தம்பி, பங்காளி?"

"ஒண்டிக்கட்டை ஐயா. அவனுக்காகக் கேக்க ஒருத்தனும் வரமாட்டான்."

ஆசான் உள்ளே போய் வாளைக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒரு சவரக்கத்தியையும் வைத்தார்.

வீரணனுக்குச் சிரிப்பு வந்தது. "இது எதுக்கு? அவன்தான் செத்துருவானே."

"உன் மீசைக்கு."

"நான் தோத்துருவேன்னு நினைக்கிறீங்களா?"

"ஜெயிப்பே. நான் பழக்கின கை."

"பின்னே? தோத்த நீங்க எடுத்தீங்கன்னா, ஜெயிக்கப்போற நானும் எடுக்கணுமா?"

வாய் தவறி வந்துவிட்டது. வீரணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆசான் கோபப்படவில்லை. மிச்ச வைக்கோலையும் உதறிப் போட்டார்.

"நான் தோக்கலை. ஒரே வெட்டு. அவன் விழுந்ததும் வேடிக்கை பார்த்த கூட்டம் கலைஞ்சு போச்சு. அவனும் ஒண்டிக்கட்டை. கொள்ளி வைக்க ஆளில்லை. அப்படியே போட்டுட்டு வர எனக்கு மனசு வரலை. மீசையை மழிச்சுக்கிட்டு, மகன் இருந்து செய்ய வேண்டியதை நான் செஞ்சேன்."

வீரணன் வாளைப் பார்த்தான். அதை எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"முப்பது வருஷமாச்சே ஐயா. திரும்ப வளர்த்திருக்கலாமே?"

"அதுக்கப்புறம் பிடிக்கலை."

"அப்படி என்னதான் தகராறு உங்களுக்குள்ளே?"

"என் முன்னாடி மீசையை முறுக்கினான்" என்றார் ஆசான்.