சாட்சிக்கு வந்த தொட்டில்பிள்ளை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குறும்பொறை நாட்டை மானவேள் என்று ஒரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாகக் காதில் யார் பேசினாரோ, அவர் பேச்சுதான் அவருக்கு வேதம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் கச்சிராயர், அரசாணைகளை எழுதுகிற பெரிய அதிகாரி. அவர் எழுதியதைப் படித்தால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் கேட்கிறவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். புலவர்கள் நாலு அடி பாடினாலோ சபையே தலையாட்டும். ராயருக்கு வயிறு எரியாதா?

அந்த வருஷம் மழை இல்லை. பாட வந்த புலவர் ஒருவர் வழக்கம்போல் ராஜாவின் கையை மழை என்று பாடிவைத்தார். ராயர் குனிந்து காதில் ஓதினார். "அரசே, குளமெல்லாம் வறண்டு கிடக்கிறது. இவன் உங்களை மழை என்கிறான். கேலி செய்கிறான். சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னால் ஆகாதா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இன்றுமுதல் என் நாட்டில் யாரும் பாட்டுப் பாடக் கூடாது. பாடினால் நாக்கை அறுப்பேன். பொருளை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார். ராயர் பூரித்துப்போய் அதையே ஏழு ஓலைக்குச் சட்டமாக இழுத்து எழுதினார்.

சட்டம் வெளியே போனதைவிட அரண்மனைக்குள்தான் வேகமாக வந்தது. ராஜாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, எட்டு மாதம். தாலாட்டும் பாட்டுதானே, அதுவும் நின்றுபோயிற்று. பிள்ளை தூங்கவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று நாள். அழுது அழுது குரல் கம்மி, பாலைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "இன்று பொழுது சாய்வதற்குள் பிள்ளை தூங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னி கண்டுவிடும். அப்புறம் என் கையில் இல்லை" என்றார். ராணி காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். "சொன்ன சொல்லை மூன்றே நாளில் மாற்றினால் என்னை எவன் மதிப்பான்?" என்றார் ராஜா. சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

செவிலி சிவந்தாயிக்குத்தான் பொறுக்கவில்லை. உச்சிவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் காதோரம் வாயை வைத்து முணுமுணுவென்று பாடினாள். பிள்ளைக்குக் கண் செருகியது. அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கச்சிராயர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது.

சிவந்தாயியைச் சபையில் நிறுத்தினார்கள். பக்கத்தில் கத்தியோடு ஒரு காவலன். அமைச்சர் வெண்காடர் எழுந்தார்.

"அரசே, திருட்டு வழக்கென்றால் திருட்டுப் பொருளைச் சபையில் வைக்க வேண்டும். அது நம் வழக்கம். இது பாட்டு வழக்கு. பாட்டை ராயர் சபையில் வைக்கட்டும். அவரைத் தவிரக் கேட்ட சாட்சி இளவரசர் ஒருவர்தான். இளவரசரையும் அழைத்து வரட்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா. ராணி அழுகிற பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள்.

கச்சிராயர் தொண்டையைச் செருமினார். "ஓடையின் நீரானது நாணலின் ஓரத்தில் உறங்குகின்றது, மயிலானது ஆலமரக் கிளையில் உறங்குகின்றது, ஆகையால் குழந்தையே நீயும் உறங்குவாயாக, என்பதாகப் பாடினாள்."

பிள்ளை முன்னைவிட அதிகமாகக் கத்தியது.

"இது பொருள் அல்லவா?" என்றார் வெண்காடர். "பொருளைச் சொல்லலாம் என்று உங்கள் சட்டமே சொல்கிறது. இவ்வளவுதான் சொன்னாள் என்றால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

சபையில் யாரோ சிரித்தார்கள். வெண்காடருக்கு மட்டும் உள்ளூரக் கவலை. 'சாட்சிக்காகப் பாட எனக்குச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுங்கள்' என்று ராயர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எல்லாம் போச்சு. வெளியே வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

ராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கா தெரியாது? கேளுங்கள்" என்று ஆரம்பித்தார்.

"ஓடைநீர் உறங்குதய்யா ஓரத்து நாணலிலே
ஆடுமயில் உறங்குதய்யா ஆலமரக் கிளையினிலே
கூடடைந்த குருவிக்கும் கூப்பிட்டால் கேட்கலையே
வாடியழும் கண்மணியே வாயமர்ந்து நீயுறங்கு."

முதல் அடியைக் கரடுமுரடாகத்தான் சொன்னார். இரண்டாவது அடியில் அவரை அறியாமலே குரல் இறங்கியது. மூன்றாவதில் அவர் தலையும் கூடவே ஆடியது. நாலாவது அடி முடிந்தபோது சபையில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் ராணியின் மடியைப் பார்த்தார்கள். பிள்ளை தூங்கிவிட்டது.

ராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராஜாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அதற்குமேல் வழக்கு முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"ராயரே, இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள்?" என்றார் வெண்காடர்.

"ஒரே தடவை."

"நீங்களே எழுதிய சட்டத்தின் முதல் வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள், பார்ப்போம்."

ராயர் விழித்தார். "யாவருக்கும் அறிவிப்பது யாதெனில்..." என்றார். மேலே வரவில்லை.

ராஜா காவலனைச் சைகையால் கூப்பிட்டார். "சட்டப்படி பார்த்தால், சபையறியப் பாடியது ராயர்தான்" என்றார். காவலன் கத்தியோடு அவர் பக்கம் திரும்பினான். ராயருக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

சிவந்தாயி கைகூப்பினாள். "சாமி, விட்டுடுங்க. அந்த நாக்கு இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கு."

ராஜா சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "ஓடையும் மயிலும் இந்த நேரத்தில் எங்கே தூங்குகின்றன? என் கையை மழை என்றதைப் போல அதுவும் பொய்தான். ஆனால் என் பிள்ளையைப் பிழைக்க வைத்த பொய். சட்டம் ரத்து" என்றார். சிவந்தாயிக்கு முத்துமாலையைக் கழற்றிப் போடக் கை வைத்தவர், மாலை சலசலக்குமே என்று பயந்து, பிள்ளை விழிக்கும்வரை காத்திருந்து போட்டார். ஏழு ஓலைச் சட்டமும் அதுவரை பிள்ளைக்கு ஈ ஓட்டப் பயன்பட்டது.

மறுநாள் கச்சிராயர் செவிலியின் அறைவாசலில் அங்கும் இங்கும் பார்த்தபடி வந்து நின்றார். "அம்மா சிவந்தாயி, நேற்றிலிருந்து அதே நாலு அடிதான் மனசுக்குள் ஓடுகிறது. அடுத்த அடி என்ன?"

சிவந்தாயி தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "பொருளை மட்டும் சொல்லட்டுங்களா, ஐயா?"