அரசப்பனின் ஓலைக்கட்டு

“என்னோட ஓலைக்கட்டு சரியாத்தான் இருக்குதுங்க அம்மா. வர்ற நோயாளிகதான் சரியில்லை.”

அரசப்பன் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனம் நொந்துதான் சொன்னான்.

உரலில் வேர் இடித்துக்கொண்டிருந்த பொன்னுருவி உலக்கையை நிறுத்தினாள்.

“நோயாளிக எப்படி வரோணுங்க அண்ணா?”

“ஒரு ஒழுங்கா வரோணுமுங்க.”

அவள் மறுபடி இடிக்கத் தொடங்கினாள்.

இதில் குரு அவள், சீடன் அவன். பொன்னுருவிக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அரசப்பனுக்கோ மீசை முழுக்க வெளுத்துவிட்டது. வைத்தியசாலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே வந்து அவனைத்தான் கும்பிடுவார்கள். அவன் பதறிப்போய் அவளைக் கை காட்டுவான்.

வைத்தியம் படிக்க வருவதற்கு முன் அவன் கோயில் நெற்களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவன். எந்த நெல் எந்தக் குதிரில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கை இங்கே வந்தும் சும்மா இருக்கவில்லை.

குரு சொன்னதையெல்லாம் ஓலையில் எழுதினான். முதலில் கேட்ட நாள் வரிசையில் கோத்தான். தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. கயிற்றை அவிழ்த்து, மூலிகைப் பெயர்களை அகர வரிசையில் கோத்தான். அது மட்டும் போதுமா? வாதத்துக்கு நீல நூல், பித்தத்துக்கு மஞ்சள் நூல், கபத்துக்கு வெள்ளை நூல் என்று ஓலைக்கு ஓலை முடிந்துவைத்தான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கல்யாண வீட்டுத் தோரணம் தோற்றது போங்கள்.

நோயாளி வந்து நிற்கும்போது மட்டும், வேண்டிய ஓலை கைக்கு வராது.

முந்தின நாள்தான் ஒரு நெசவுக்காரி வந்திருந்தாள். உள்ளங்கால் நெருப்பாட்டம் எரிகிறது என்றாள். அரசப்பன் மஞ்சள் நூல்களைப் பிரித்தான். புரட்டினான். எழுதியது நன்றாக நினைவிருந்தது, எங்கே எழுதினோம் என்பதுதான் நினைவில்லை. கடைசியில் ‘மருதாணி’ என்று தலைப்பிட்ட ஓலையின் அடிவரியில் கண்டுபிடித்து வெற்றியோடு நிமிர்ந்தால், அவளைக் காணோம். வாய்க்காலில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப தேவலைங்க,” என்றாள்.

இதற்காகவா அவன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தான்?

ஆற்றுக்கு அக்கரையில் புளியம்பாறை. அதுதான் அவன் ஊர். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து பரிசல் நின்றுவிட்டால் அந்த ஊருக்கு வைத்தியம் கிடையாது. அப்படி ஒரு மழையில்தான் அவன் மனைவி மாராத்தாள் காய்ச்சலில் போனாள். துறையில் நின்று இக்கரையைப் பார்த்துக் கத்திக் கத்தி அவன் தொண்டை கிழிந்தது. வெள்ளத்துக்குக் காது ஏது?

இந்த மழை பிடிப்பதற்குள் புளியம்பாறைக்கு ஒருவரை அனுப்புகிறேன் என்று பொன்னுருவி சொல்லியிருந்தாள். ஒன்று அரசப்பன், இல்லாவிட்டால் கூடப் படிக்கும் செவ்வந்தி. செவ்வந்தி எழுத்தாணியையே தொடமாட்டாள். கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பிப்பாள். நடுவில் நிறுத்தினால் மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

தான்தான் போக வேண்டும் என்று அரசப்பன் தவம் கிடந்தான்.

“நாளைக்கு வர்ற முதல் நோயாளி உங்களுக்குங்க அண்ணா,” என்றாள் பொன்னுருவி.

மறுநாள் ஒரு மாட்டுத் தரகன் வந்தான். பொன்னுருவி அரசப்பனின் ஓலைக்கட்டை எடுத்துத் தரகன் மடியில் வைத்தாள்.

“உங்க மருந்து இதுக்குள்ள இருக்குதுங்க. எடுத்துக்கங்க.”

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே!”

“இவரு படிப்பாரு. உங்களுது வந்ததும் சொல்லுங்க.” அவள் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அரசப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. தரகன் மடியில் இருந்த கட்டைப் புரட்டித் தலைப்புகளைப் படித்தான்.

“ஆடாதொடை?”

“இல்லீங்க.”

“ஆவாரை?”

“எங்க காட்டுல கெடக்குது. எனக்கு இல்லீங்க.”

“இஞ்சி?”

“வேண்டாமுங்க, சாப்பிட்டுத்தான் வந்தேன்.”

“சரி, கபமா?”

“அப்படீன்னா?”

அரசப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. “உங்களுக்கு என்னதான் பண்ணுதுங்க?”

“விடியக்காலம் எந்திரிச்சா மூக்குல தண்ணியாக் கொட்டுது. வெயில் ஏறுனா நின்னுபோகுது.” தரகன் கட்டைத் திருப்பி நீட்டினான். “வந்ததுல இருந்து இதைச் சொல்லத்தான் பாக்கறேன். யாரு கேக்கறீங்க?”

பொன்னுருவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அரசப்பனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

தரகனுக்கு மருந்து கொடுத்து அனுப்பியதும் அரசப்பன் ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனான். பழைய கதைகளில் குருமார்கள் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஏடு சுமை, எரித்துவிடு என்பார்கள். சொல்வதற்கு முன்பே செய்துவிட்டால் நல்ல சீடன் என்று பெயராவது மிஞ்சும்.

ஓலைக்கட்டை அடுப்புக்கு நேரே பிடித்தான்.

பொன்னுருவி ஓடிவந்து அவன் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

“புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? எத்தனை நாள் பாடு! அடுப்புக்கு வெறகு இருக்குது.”

“எரிக்கச் சொல்லுவீங்கன்னு நெனைச்சேனுங்க.”

“எரிச்சுப்போட்டு? நாளைக்கு மறந்துபோனா எதைப் பாப்பீங்க? என்னோட மூஞ்சியவா?”

அவன் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அந்த நிம்மதியில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“அப்ப நான் என்னதானுங்க செய்யோணும்?”

“இதுல தலைப்பெல்லாம் ஆரு எழுதுனது?”

“நாந்தானுங்க.”

“நோவு ஆரோடது?”

அவள் அடுப்பில் ஒரு விறகைச் சொருகிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை அரசப்பன் வாசற்படியோரம் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் நடுவே போய் உட்கார்ந்தான். யார் வாயைத் திறந்தாலும் எழுதினான். ‘முட்டி மடக்குனா கட்டெறும்பு கடிக்குது.’ ‘சோத்தைப் பாத்தாலே வயிறு பொரளுது.’ ‘குனிஞ்சு நிமிந்தா பூமி சுத்துது.’

அவ்வளவுதான், நூல்களை எல்லாம் அறுத்தான். நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் காற்றில் பறந்தன. கயிற்றை உருவினான். ஒவ்வொரு ஓலையின் தலையிலும் வந்தவர்கள் சொன்ன சொல், அதன் கீழே குரு சொன்ன மருந்து. அதையும் குரு சொன்னபடி நீட்டி முழக்காமல், தன் வாயில் வருகிறபடி சுருக்கி எழுதினான். மருதாணி மூன்று இடத்துக்கு வேண்டியிருந்தது. மூன்று ஓலையிலும் எழுதினான். களஞ்சியக்காரனுக்கு ஒரே நெல்லை மூன்று குதிரில் கொட்டுவது போலத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டினான்.

எந்தத் தலைப்புக்கும் சேராத ஓலைகள் கொஞ்சம் மிஞ்சின. அவற்றைத் தனிக் கட்டாகக் கட்டிப் பரணில் வைத்தான்.

அதன்பிறகு தினமும் ஒரு வேலை. ஓலையை எடுப்பான், கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மறைப்பான், தலைப்பைப் படித்துவிட்டு மருந்தைச் சொல்வான். பிறகுதான் கையை எடுப்பான்.

“உங்க ஓலையை நீங்களே எதுக்கு ஒளிச்சுக்கறீங்க?” என்று செவ்வந்தி சிரித்தாள்.

தப்பாகச் சொன்ன ஓலை கட்டின் மேலே வரும். சரியாகச் சொன்னது அடியில் போகும். நாளாக ஆக, நோயாளி சொல்லி முடிப்பதற்குள் அவன் கை சரியான இடத்தைப் பிரித்திருக்கும். சில நாள் பிரிக்கவே வேண்டியிருக்காது. பொன்னுருவி பார்த்துவிட்டுத் தன் உரலுக்குப் போய்விடுவாள். அரசப்பன் மட்டும் மனசுக்குள் புளியம்பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறமாகி மேலேறியது.

“இன்னைக்கு ஒரே நடைதானுங்க! வந்து திரும்பினா அத்தோட சரி!” என்று பரிசல்காரர் துறையிலிருந்து சத்தம் போட்டார்.

அந்தப் பரிசலில் புளியம்பாறையிலிருந்து நஞ்சம்மா என்றொருத்தி வந்து இறங்கினாள்.

“மழை வாசம் அடிச்சா வலது காது அடைச்சுக்குதுங்க. மழை விழுந்ததும் தொறந்துக்குது.”

காதுக்கு அரசப்பனிடம் ஓலைகள் இருந்தன. ‘காதுக்குள்ள வண்டு இரையுது.’ ‘காதைத் தொட்டா உசிர் போகுது.’ நஞ்சம்மா சொன்னது எதிலும் இல்லை.

“வலி இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“இடது காது?”

“அது பாட்டுக்கு இருக்குதுங்க.”

பக்கத்தில் செவ்வந்தி காதுப் பாடத்தை முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அரசப்பன் காது ஓலைகளை மறுபடி புரட்டினான். ஏதாவது ஒரு எண்ணெயைச் சொல்லிவிடலாம். காதில் எண்ணெய் விட்டு யார் செத்தார்கள்? தெரியாது என்று சொன்னால் பரிசலில் செவ்வந்தி ஏறுவாள். அவன் இக்கரையில் நின்று இன்னொரு மழையைப் பார்க்க வேண்டும். மாராத்தாளை நினைத்துக்கொண்டான். அன்று அவளுக்கு வைத்தியன் என்று எவனாவது ஒருத்தன் வந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால்?

புது ஓலை ஒன்றை எடுத்தான். நஞ்சம்மா சொன்னதை அப்படியே தலையில் எழுதினான். அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அதைக் கொண்டுபோய்ப் பொன்னுருவியிடம் நீட்டினான்.

“இதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க அம்மா. நீங்க சொன்னா எழுதிக்கறேன்.”

பொன்னுருவி படித்தாள். எழுந்து வந்து நஞ்சம்மாவின் காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அரசப்பன் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டாள். பிறகு ஓலையை இன்னொரு தரம் படித்தாள்.

துறையில் பரிசல்காரர் மறுபடி கத்தினார்.

“நஞ்சம்மா, இந்த நடையிலயே திரும்பறீங்களா?” என்றாள் பொன்னுருவி.

“ஆமாங்க. வீட்டுல ஆடு குட்டியெல்லாம் கெடக்குது.”

பொன்னுருவி ஓலையை அரசப்பன் கையில் கொடுத்தாள்.

“அவிக கூடவே பரிசல்ல ஏறுங்க அண்ணா. புளியம்பாறைக்கு நீங்கதான்.”

அரசப்பன் நகரவில்லை. ஓலையையே பார்த்தான். “கீழ என்ன எழுதறதுன்னு சொல்லலீங்களே அம்மா?”

“எனக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சதும் எனக்கு ஒரு ஓலை எழுதி அனுப்புங்க.”