செம்மேட்டில் நட்ட கொடி

முன்னொரு காலத்தில், மழை தவறாமல் பெய்தும் மண் தங்காத ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு எதைக் கண்டாலும் ஒரு கேள்வி தோன்றும். கேள்வி தோன்றிவிட்டால், பதில் சொல்ல வேண்டியது சபையில் இருப்பவர்களின் பாடு.

ஒரு நாள் அவர் வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது, செம்மேடு என்னும் ஊரின் சரிவில் குதிரையோடு ஒரு பள்ளத்தில் விழுந்தார். போன வருடம் அங்கே பள்ளமே இல்லை. ஒரே மழையில் தண்ணீர் கேழ்வரகுக் கொல்லையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பில் எண்ணெய்த் துணி கட்டிக்கொண்டு சபைக்கு வந்த அரசர், "அடுத்த மழையில் அந்தச் சரிவில் எங்கே பள்ளம் விழும்? முன்கூட்டியே சொல்லக்கூடியவர் யார்?" என்று கேட்டார்.

சோதிடர்கள் தரையைப் பார்த்தார்கள். தளவாய் மல்லையன் மட்டும் எழுந்தார். அவருக்கு இரண்டு ஆசைகள். செம்மேட்டு நிலம் தம் குதிரைகளுக்கு மேய்ச்சலாக வேண்டும். அரசரைச் சிரிக்கவைத்தே பெயர் வாங்கிய விகடன் சாத்தன் நாட்டைவிட்டே போக வேண்டும்.

"அரசே, சாத்தனுக்குத் தெரியாதது ஏதுமில்லை. அவர் ஓர் இடத்தில் கொடி நடட்டும். அங்கே பள்ளம் விழாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். இன்னொன்று. மாடு இறங்கி ஏற முடியாத பள்ளம் அந்தச் சரிவில் எங்கு விழுந்தாலும், அது ஊராரின் அசட்டை. நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்."

இடுப்பு வலியில் இருந்த அரசர் இரண்டுக்கும் தலையசைத்துவிட்டார்.

அரண்மனை வாசலைத் தாண்டிய பிறகுதான் சாத்தனுக்கு வலை முழுவதும் தெரிந்தது. பள்ளம் விழுந்தால் ஊர் போகும். விழாவிட்டால் அவன் போவான். அப்படியே செம்மேட்டுக்கு நடந்தான்.

செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சரிவில் பெரும்பங்கு நிலத்தை உழுத ஒச்சம்மா, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வழிமறித்தாள்.

"கொடி நட வந்தீரோ? எங்க வயித்துல நட்டுட்டுப் போம்."

தனக்கும் அதே கதிதான் என்று சாத்தன் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

அன்று முழுக்க அவன் சரிவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். சில இடங்களில் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தான். ஊரார் பழைய பள்ளத்தைக் கல்லும் முள்ளும் போட்டு அடைத்திருந்தார்கள். திரும்பவும் அங்கேதான் உடையும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாத்தன் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, கீறல்கூட இல்லாத ஓர் இடத்தில் போய் நின்றான். மேலே இரண்டு பக்கத்துத் தாழ்வும் அங்கேதான் வந்து கூடின. அதற்கு மேலே விரிந்த நிலத்தில் விழும் தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். அதற்குக் கீழே சரிவு சட்டென்று செங்குத்தாகியது. மெல்லிய மண் அரித்துப்போய்ப் பருமணல் மட்டும் அங்கே தங்கியிருந்தது. கொடியை அங்கே நட்டான்.

பார்க்க வந்த மல்லையனின் ஆட்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போனதும் சாத்தன் ஊராரைக் கூப்பிட்டு, அந்தத் தாழ்வை மறித்து மேலிருந்து கீழ்வரை வரிசை வரிசையாகக் கல் அடுக்கச் சொன்னான். கல்லுக்கு இடையில் வெட்டிவேர் நட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள். கொடியின் காலடியில், இரண்டு கல்வரிசைக்கு நடுவே, ஒரு முழ நிலத்தை மட்டும் வெறுமனே விடச் சொன்னான்.

"அது எதுக்கு?" என்றாள் ஒச்சம்மா.

"அது என் பங்கு" என்றான் சாத்தன்.

மழை வந்தது. பகலையே இருட்டாக்கிக்கொண்டு கொட்டியது. ஊரார் மாட்டுக்கொட்டகையில் கூடி நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செந்நீர் முதல் வரிசைக் கல்லில் வந்து மோதியது, தயங்கியது, கல்லிடுக்குகளில் கசிந்து மெல்ல இறங்கியது. அதைக் கண்டதும் ஒச்சம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்டதும் அரசர் சபையோடு வந்தார். பழைய பள்ளம் அடைத்தபடியே கிடந்தது. சரிவில் எங்கும் உடைப்பில்லை. கொடியின் காலடியில் மட்டும், மேல்வரிசைக் கல்லைத் தாண்டி விழுந்த தண்ணீர் ஒரு சட்டி கவிழ்க்கும் அளவுக்குக் குடைந்திருந்தது. கொடி சாய்ந்து நின்றது.

"இதுவா பள்ளம்? நண்டு கூடக் குடியிருக்காது" என்றார் மல்லையன்.

சாத்தன் கைகூப்பினான். "அரசே, பள்ளம் விழும் இடத்தைக் கேட்டீர்கள். ஆழத்தைக் கேட்கவில்லை."

"சின்னதோ பெரிதோ, பள்ளம் என்றால் ஊரார் நிலம் இழக்க வேண்டும்" என்று மல்லையன் உடனே பேச்சை மாற்றினார்.

"அப்படியானால் பள்ளம் விழுந்ததென்று தளவாயே ஒப்புக்கொண்டார். நான் பிழைத்தேன். ஊருக்கு அளவு வைத்தவரும் அவரே. மாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஒச்சம்மாவின் மாடு வந்தது. அசைபோட்டபடியே அந்தக் குழியில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, போய்க்கொண்டே இருந்தது.

அரசர் உடனே சிரிக்கவில்லை. குனிந்து, கல்வரிசைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த வண்டல் மண்ணில் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. கல் அடுக்காமல் இருந்திருந்தால் இத்தனை மண்ணும் இந்த வழியாகத்தான் போயிருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்தபோது மல்லையனின் முகம் கண்ணில் பட்டது. அப்போதுதான் சிரிப்பு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டார். நிலம் செம்மேட்டாருக்கே என்று அங்கேயே ஆணையிட்டார். இனி நாட்டில் எல்லாச் சரிவிலும் சாத்தன் கொடி நட வேண்டும், அங்கெல்லாம் தளவாய் நின்று கல் அடுக்கவைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

பல்லக்குகள் போன பிறகு ஒச்சம்மா சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். கொடி நட்ட நாளிலிருந்து சாத்தனுக்குச் சோறு இறங்கவேயில்லை. அன்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஊரே விதைக் கூடையோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவன் முத்துமாலையும் கழுத்துமாக வைக்கோலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போனான்.