அம்பலவாணன் அண்ணாச்சி விழவே இல்லை

நாங்குநேரிப் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் அம்பலவாணன் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குத் துணை மூன்று பேர்: சன்னாசி, உலகு, பிச்சமணி. நாலு பேரும் சேர்ந்துதான் சமைப்பார்கள், சேர்ந்துதான் யோசிப்பார்கள். சமையலில் ஒரு குறையும் கிடையாது.

ஒருநாள் அண்ணாச்சிக்குத் தலை சுற்றி, அவியல் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டச் சொன்னார். நாடித்துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அது கவனித்து, போனில் இருக்கும் செயலிக்கு அனுப்பிவிடுமாம்.

உலகுக்குத்தான் தடங்கலில்லாமல் வாசிக்க வரும். செயலியைத் திறந்தான். ‘உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டது.

“இம்புட்டு மரியாதையாக் கேக்குது. முடியாதுன்னு எப்படிச் சொல்ல?” என்றான் சன்னாசி.

அனுமதித்தார்கள். தூக்கத்தைப் பார்க்கலாமா என்றது. அனுமதித்தார்கள். பதினோராவது அனுமதியில் பிச்சமணி, “பாவம், குடிக்க ஏதும் வேணுமான்னு கேளுடே” என்றான்.

கடைசியாக, இதையெல்லாம் யார் பார்க்கலாம் என்று கேட்டு, ‘நான் மட்டும்’, ‘எல்லோரும்’ என்று இரண்டு பொத்தான் காட்டியது.

“‘நான்’னா யாரு?” என்றார் அண்ணாச்சி.

“வாசிக்கது நான்தானே. அப்ப நான்தான்” என்றான் உலகு.

“என் நெஞ்சு துடிக்கத நீ மட்டும் பாப்பியோ?”

“எங்களுக்கும் ஆசை இருக்காதா அண்ணாச்சி?” என்று பிச்சமணி கண் கலங்கினான்.

ஒருத்தர் மனசும் நோகக் கூடாதென்று ‘எல்லோரும்’ என்பதைத் தொட்டார்கள்.

மறு வாரம் அரிசி ஆலை கோமதிநாயகம் போன் பண்ணினார். வருகிற திங்கட்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்.

“அண்ணாச்சி, ஊரே பாக்குதுன்னு நானும் போன்ல பாத்தேன். போன முகூர்த்தத்துல பந்தி நடக்கையில ரெண்டு மணி நேரம் ஆழ்ந்த உறக்கம்னு போட்டிருக்கு. எங்க வீட்டுலயும் அப்படித்தானா?”

“சேச்சே! ஒங்க வீட்டுப் பந்தி பெருசுல்லா. மூணு மணி நேரமாவது தூங்குவேன்.”

“சொதி மட்டும் பிசகட்டும், அப்புறம் பேசிக்கிடுவோம்” என்று கோமதிநாயகம் போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சியின் பேரே அந்தச் சொதியில்தான் இருந்தது. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற அந்தக் குழம்புக்கு, விடியுமுன் நடந்துபோய் ஒரு பாழுந்தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வருவார். எந்தக் கிணறு என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. செயலியோ அவர் போன பாதையை நீலக் கோடாகப் போட்டு, முடிகிற இடத்தில் சிவப்புப் புள்ளியும் வைத்திருந்தது. வியாழக்கிழமை அவர் போனபோது, போட்டிச் சமையல்காரர் இசக்கிமுத்து நாலு டிரம்மோடு அந்தப் புள்ளியில் நின்றார்.

“வாரும் அண்ணாச்சி. வரிசை அங்கேருந்து ஆரம்பிக்கு” என்றார்.

சனிக்கிழமை கிணற்றில் சேறுதான் மிச்சம். அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. “இருவது வருசமாப் பொத்தி வச்சதுடே” என்று மட்டும் சொன்னார்.

போன் கடை ஸ்டெல்லாவிடம் ஓடினார்கள். அவள் செயலியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, “ஒங்க உடம்புக்கு என்ன ஆச்சுங்கறது ஒங்க சொந்த விசயம் அண்ணாச்சி. யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. யாரும் ஒங்களைப் பின்தொடராம பாத்துக்கிடுங்க” என்றாள்.

நாலு பேரும் அதை யோசித்தார்கள்.

“பின்தொடருதவன் பின்னாலதான் வரணும்” என்றான் சன்னாசி. “நாம பின்னாலயே பாத்துக்கிட்டு நடந்தா எவன் வருவான்?”

திங்கட்கிழமை விடிகாலையில், மண்டபத்திலிருந்து புதுக் கிணறு ஒன்றைத் தேடி நாலு பேரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். ஒருவரும் பின்தொடரவில்லை. கிணறு கிடைத்தது. அண்ணாச்சிக்குத்தான் முதலில் கிடைத்தது.

கல்யாண வீட்டை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைய சொதி மண்டபத்துக் குழாய்த் தண்ணீரில்தான் கொதித்தது. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கிணற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் அண்ணாச்சி எழுந்து நின்றார். கடிகாரம் பெண் குரலில் பேசியது: “நீங்கள் விழுந்துவிட்டதாகத் தெரிகிறது. உதவிக்கு யாரையாவது அழைக்கவா?”

“என்னடே சொல்ல?” என்று மேலே பார்த்துக் கத்தினார்.

“சொல்லாதீய அண்ணாச்சி! சொந்த விசயம்!”

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்து, “நான் விழல” என்றார்.

“மகிழ்ச்சி” என்றது கடிகாரம்.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் ஓடி வந்தார். “உள்ள யாருவே?”

மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.

“யாருமில்ல” என்றது கிணறு.

“அப்ப கயிறு வேண்டாமா?”

கிணறு கொஞ்சம் யோசித்தது. “கயிறு வேணும். யாருக்குன்னு கேக்கப்படாது.”

அவர் கயிற்றைப் போட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார். அண்ணாச்சி அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்போதுதான் உலகுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னா, நமக்கும்தானே?”

ஆகவே மூன்று பேரும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, கயிற்றைத் தோளில் போட்டு, திரும்பிப் பார்க்காமல் மண்டபத்துப் பக்கமாக இழுத்தார்கள். அண்ணாச்சி மேலே வந்துவிட்டார். நில்லுங்க என்று சொல்ல வாயெடுத்தவர், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே என்று மூடிக்கொண்டு, கயிற்றோடு பின்னாலேயே நடந்தார்.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பிச்சமணி, “நல்ல ஆழமான கிணறுடே” என்றான்.

“பேசாம இழு” என்றான் சன்னாசி.

மண்டப வாசலில் கோமதிநாயகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “விடிஞ்சிட்டு, அடுப்பு இன்னும் பத்த வைக்கல. அண்ணாச்சி எங்கடே?”

“வந்துக்கிட்டே இருக்காரு ஐயா” என்றான் உலகு, திரும்பாமல். “இன்னும் கொஞ்சம் இழுக்கணும்.”

அவர்களுக்குப் பின்னால், தலை முதல் கால் வரை சேறோடு நின்ற அண்ணாச்சி, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.