உடும்பு இழுத்துப் பார்த்த இணையதளம்

ஓடை இரண்டாகப் பிரியும் ஒரு காட்டில், உயர்ந்த ஈச்சமரத்தின் உச்சியில் தூக்கணாங்குருவி ஒன்று வசித்தது. மற்ற தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும், கதிர் கொத்தும். இந்தக் குருவியோ காட்டில் இருப்பவர்களுக்கு இணையதளமும் அமைத்துக் கொடுத்தது. மரங்கொத்தியின் தச்சுப் பட்டறைக்கும் தேனீக்களின் தேன் கடைக்கும் தளம் செய்து கொடுத்தது இதுதான்.

அதன் பிறகு வேலை எதுவும் வரவில்லை. 'எனக்கே ஒரு தளம் இல்லை. என்னிடம் யார் வருவார்கள்?' என்று நினைத்த குருவி, தன் தொழிலுக்கென்று ஒரு தளம் செய்யத் தொடங்கியது. ஒருவர் கண்ணிலும் காட்டாமல் மழைக்காலம் முழுவதும் செய்தது.

அது எவ்வளவு அழகு தெரியுமா, குழந்தைகளே? திறந்ததும் திரையில் ஒரு நார் வந்து விழும். அதன்மேல் இன்னொரு நார். நார் நாராகப் பின்னி, கண்ணெதிரே ஒரு கூடு முழுதாக உருவாகும். பின்னால் குருவியின் பாட்டு ஒலிக்கும். மஞ்சள் இறகுகள் பறந்து போக, மஞ்சள் எழுத்துகள் மெல்ல மின்னும்.

தளம் முடிந்த அன்று காலையில் ஒரு சேதி வந்தது. கோடையில் எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் தளம் ஒன்று யானைக் கூட்டத்துக்கு வேண்டுமாம். கூட்டத்தின் தலைவி மாலையில் ஓடைக்கு வரும்போது குருவியின் தளத்தைப் பார்ப்பாராம். பிடித்தால் வேலை குருவிக்கு. இல்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கத்து மைனாவுக்கு.

குருவிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. இந்த வேலை கிடைத்தால் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோளக்கொல்லைக்குப் போக வேண்டியதுதான்.

"வாருங்கள், வந்து என் தளத்தைப் பாருங்கள்" என்று எல்லோரையும் கூவி அழைத்தது.

முதலில் கிளி வந்தது. "அருமை, அருமை" என்றது.

"எது அருமை?"

"அருமையானதெல்லாம் அருமை" என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

அடுத்து மயில் வந்தது. "இறகு பறப்பது போதாது. இன்னும் நெடுநேரம் பறக்கட்டும். அப்படியே என் இறகையும் சேர்த்துக்கொள்" என்றது.

பிறகு முள்ளம்பன்றி வந்தது. ஒரு பார்வை பார்த்தது. "குப்பை" என்றது.

"எந்த இடம் சரியில்லை?"

"இடமென்ன இடம்? மொத்தமும்தான். மைனா செய்தால் இப்படியா இருக்கும்?" முட்களைச் சிலிர்த்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

'பொறாமை' என்று சொல்லிக் குருவி மனத்தைத் தேற்றிக்கொண்டது. ஆனாலும் நெஞ்சில் முள் தைத்தபடியே இருந்தது.

கீழே, ஓடை மணலில் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதைப் பிடித்தாலும் விடாத உடும்பு. அது தன் கைபேசியில் குருவியின் தளத்தைத் திறந்தது.

"தம்பி, நான்தான் யானை என்று வைத்துக்கொள். குளங்களுக்கு ஒரு தளம் வேண்டும். உன்னை எப்படிக் கூப்பிடுவது?"

"முதலில் கூடு பின்னுவதைப் பாருங்கள் அண்ணே."

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு நார் விழுந்தது. அப்படியே நிற்கிறது."

"கீழே சிக்னல் குறைவு. கொஞ்சம் பொறுங்கள்."

உடும்பு பொறுத்தது. ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றது. மறுபடியும் பொறுத்தது.

"கூடு முடிந்தது. இப்போது ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது. எழுத்தா?"

"என் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறேன்."

"வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இதை எங்கே உட்கார்ந்து செய்தாய்?"

"இங்கேதான், மர உச்சியில். நிழல் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது."

"யானை மர உச்சிக்கு ஏறி வருமா?"

குருவிக்குச் சுருக்கென்றது. "நீங்களும் குப்பை என்றுதானே சொல்ல வருகிறீர்கள்?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? கூடு பின்னுவது அழகாக இருக்கிறது. அதை எடுத்துவிடாதே. வாசலை அடைத்து வைத்திருக்கிறாய், அதைத்தான் சொல்கிறேன்." உடும்பு தலையைத் தூக்கியது. "கூடு கட்டும்போது என்ன செய்வாய்?"

"பாதி கட்டியதும் பெண்குருவியைக் கூப்பிடுவேன். அது வந்து நாரை இழுத்துப் பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டுவேன்."

"இந்தத் தளத்தை?"

குருவி மெல்லச் சொன்னது: "முழுதும் கட்டிவிட்டுக் கூப்பிட்டேன். அதுவும் இழுத்துப் பார்க்க அல்ல. பாராட்ட."

"மாலைக்கு இன்னும் பொழுதிருக்கிறது. நான் இழுக்கிறேன், நீ கட்டு."

அவ்வளவுதான், வேலை பறந்தது. குருவி உச்சியில் இருந்து மாற்றியது. உடும்பு மணலில் இருந்து பார்த்தது.

"இப்போது தெரிகிறதா அண்ணே?"

"இல்லை."

"கறுப்பு எழுத்து போட்டிருக்கிறேன். இப்போது?"

"படிக்க முடிகிறது. மரங்கொத்திக்குச் செய்ததை ஏன் அடியில் ஒளித்திருக்கிறாய்? மேலே கொண்டு வா."

"வந்துவிட்டது. கூட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்."

"சட்டென்று திறக்கிறது. ஆனால் அழைக்கும் பொத்தான் என் நகத்துக்கே சிறிது. அந்த அம்மா துதிக்கையால் தட்டுவார்."

குருவி பொத்தானைப் பெரிதாக்கியது. உடும்பு போதாது என்றது. மறுபடியும் பெரிதாக்கியது. அப்போது மூங்கில்கள் முறியும் ஓசை கேட்டது. யானைக் கூட்டம் வந்துவிட்டது.

தலைவி தண்ணீர் குடித்தார். உடும்பிடமிருந்து கைபேசியை வாங்கினார். வெயில் சாய்வாகத் திரைமேல் விழுந்தது. ஈரத் துதிக்கை ஒரு முறை தட்டியது.

ஈச்சமரத்தின் உச்சியில் குருவியின் கைபேசி மணி அடித்தது.

"தளம் செய்யும் குருவியா?"

"ஆமாம் அம்மா. உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறேன்."

தலைவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "தேடாமலே உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீரையும் இப்படியே கண்டுபிடிக்க வேண்டும். வேலையைத் தொடங்கு." பிறகு திரையை இன்னும் கீழே தள்ளினார். "இங்கே ஏதோ கூடு பின்னுகிறதே. நன்றாயிருக்கிறது." கூட்டத்தின் குட்டிகள் எல்லாம் எட்டிப் பார்க்க முண்டியடித்தன.

"குளங்களின் தளம் எப்போது முடியும்?" என்று கேட்டார் தலைவி.

குருவி உடும்பைப் பார்த்தது. பிறகு சொன்னது: "பாதி முடிந்ததும் கொண்டு வருகிறேன் அம்மா. நன்றாக இழுத்துப் பாருங்கள்."

நீதி: பிறர் வேலையில் குறை சொல்பவர் இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும், வேலை செய்பவர் அவரைப் பாதியிலேயே கூப்பிட வேண்டும்.