ஒரு வாளித் தண்ணி

கடலுத் தண்ணி ஒரு பக்கம், ஆத்துத் தண்ணி ஒரு பக்கம், நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல கூத்தையன் கூத்தையன்னு ஒரு ஓடாவி இருந்தானாம். ஓடாவின்னா யாரு? கப்பல் கட்டுறவன். இவன் லேசுப்பட்டவன் இல்லை. முப்பது கப்பல் கட்டி, முப்பதையும் கடல்ல இறக்கி, முப்பதும் போயிட்டுப் பத்திரமா வந்துச்சு. அப்பேர்ப்பட்ட கைகாரன்.

அவன் பொஞ்சாதி பேரு செண்பகவடிவு. அவளுக்கு ஒரு தம்பி, பிச்சாண்டின்னு. அவனும் ஓடாவிதான், ஆனா சின்னச் சின்னத் தோணிதான் கட்டுவான். யாரு எதைச் சொன்னாலும் நம்பிருவான், நம்பிட்டுச் சிரிப்பான். ஊருக்குள்ள அவனை அரைக் கிறுக்குன்னுதான் பேசுவாங்க.

ஒரு நாள் அந்த நாட்டு ராசா ஆத்தைக் கடக்கப் பிச்சாண்டி கட்டுன தோணியில ஏறுனாரு. ஏறிப் போயி அக்கரையில இறங்கையில, "அடடே, பல்லக்குல உக்காந்தாப்புல இருந்துச்சே, யாருப்பா கட்டுனது?"ன்னு கேட்டுட்டாரு. இது கூத்தையன் காதுக்கு வந்துச்சு. முப்பது கப்பல் கட்டுனேனே, ஒரு வார்த்தை என்னையப் பத்திச் சொன்னாரான்னு அவனுக்கு வயிறு பத்திக்கிச்சு. சோத்துக்கு உக்காந்தா 'பல்லக்கு'. பாயில படுத்தா 'பல்லக்கு'. உளியை எடுத்து அடிச்சா அதுவும் 'பல்லக்கு, பல்லக்கு'ன்னே சத்தம் போடுது!

அந்தச் சமயத்துல, ராசா தன் தங்கச்சியைக் கட்டிக்குடுத்த தீவுல மூணு வருசமா மழை இல்லை. புல்லு கருகி, கிணறு வத்தி, சனங்க கிழங்கைத் தோண்டித் தின்னு, அந்தக் கிழங்கும் தீந்துபோச்சு. உடனே ராசா ரெண்டு ஓடாவியையும் கூப்புட்டு விட்டாரு.

"நெல்லு ஏத்திட்டுப் போக ரெண்டு கப்பல் வேணும். கூத்தையா, ஒண்ணு நீ கட்டு. பிச்சாண்டி, ஒண்ணு நீ கட்டு. எது முதல்ல தண்ணியில இறங்குதோ, அது என் கொடியைக் கட்டிக்கிட்டு முன்னால போகும். மத்தது பின்னால போகும்."

"ஆகட்டும் மகாராசா"ன்னு ரெண்டு பேரும் கும்பிட்டாங்க. கூத்தையன் கை கும்பிட்டுச்சு, மனசு கும்பிடலை. இவனும் நானும் ஒண்ணான்னு கருவிக்கிட்டே வந்தான்.

மறுநாளே மரக்கிடங்குக்கு ஓடுனான். ஓடி, நேரா நெடுநெடுன்னு இருந்த மரத்தையெல்லாம் தன் பட்டறைக்கு ஏத்திக்கிட்டு, கோணலும் மாணலுமா இருந்ததை மட்டும் பிச்சாண்டிக்கு விட்டுட்டு வந்தான். கொஞ்ச நேரத்துல பிச்சாண்டி ஒரு கூடை நண்டைத் தூக்கிக்கிட்டு ஓடியாரான்.

"அத்தான், அத்தான்! கப்பலோட விலாவுக்கு வளைஞ்ச மரம்தானே உறுதி! அதையெல்லாம் எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கீகளே, உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!"

இது கூத்தையனுக்குத் தெரியாதாக்கும்? முப்பது கப்பல் கட்டுனவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனா பொறாமை வந்துச்சுன்னா தெரிஞ்சதே மறந்துபோகும் பிள்ளைகளா.

நண்டைத் தின்னான். உள்ள இறங்கலை.

அப்புறம் கப்பல் ரெண்டும் வளந்துச்சு. பலகை அடிச்சாச்சு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இடுக்கு இருக்கும்ல, அதுல பஞ்சைத் திரிச்சுத் திணிச்சு, அடிச்சு இறுக்கி, மேல குங்கிலியம் காய்ச்சிப் பூசணும். இல்லாட்டி தண்ணி உள்ள வந்துரும். கூத்தையன் என்ன பண்ணுனான்? பஞ்சு அடிக்கிற ஆளுக அம்புட்டுப் பேரையும் தன் பட்டறைக்கே கூப்புட்டான். "வாங்கப்பா, தினமும் கறிச்சோறு, பாயசம்"னான். சொன்னா வரமாட்டாங்களா? வந்தாங்க, தின்னாங்க, தின்ன மயக்கத்துல பாதி இடுக்கை அடைச்சும் அடைக்காம குங்கிலியத்தை மேலாப்புல பூசிட்டுத் தூங்குனாங்க. கூத்தையன் அதைப் பாத்தானா? எங்க பாக்க! அவன்தான் சாரத்து உச்சியில ஏறி, அடுத்த பட்டறையையே பாத்துக்கிட்டு நிக்கிறானே!

அங்க ஒரு ஆளு இல்லை. பிச்சாண்டி ஒத்தையில உக்காந்து பஞ்சு திரிக்கிறான். கூத்தையனுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. இறங்கி வீட்டுக்கு வந்தா, செண்பகவடிவு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு வெளிய கிளம்புறா.

"எங்கடி போற?"

"என் தம்பி கப்பலுக்குப் பஞ்சு அடிக்க."

"புருசன் கப்பல் கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்களுக்குத்தான் ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் இருக்காகளே. அங்க தீவுல பிள்ளைக பசியில கிடக்கு. நான் போறேன்."

அவ போனா. அவ பின்னால வலை பின்னுற பொம்பளைக எல்லாம் போனாங்க. வலை முடிச்சுப் போட்டுப் பழகுன விரல் இல்லையா, ஒரு எறும்பு நுழைய இடம் விடாம இறுக்குனாங்க. பிச்சாண்டி மறுபடியும் ஓடியாந்தான், இந்தத் தடவை பனங்கிழங்கு.

"அக்காவை அனுப்பி வச்சீகளே அத்தான், உங்க கடனை எப்புடித் தீப்பேன்!"

கூத்தையன் கிழங்கைத் தூக்கிக் கோழிக்குப் போட்டான்.

கப்பல் இறக்குற நாளும் வந்துச்சு. கரையில இருந்து தண்ணி வரைக்கும் சறுக்குக் கட்டை போட்டு, கொழுப்பு தடவி, ரெண்டு கப்பலும் மாலையும் கழுத்துமா நிக்குது. உச்சி வெயில்ல எல்லாரும் சாப்புடப் போனாங்க. அந்த நேரம் பாத்துக் கூத்தையன் துண்டு நிறைய மணலை அள்ளி, பிச்சாண்டியோட சறுக்குக் கட்டையில நெடுகத் தூவிட்டு, ஒண்ணும் தெரியாதவனாட்டம் தன் கப்பல்ல ஏறி நின்னுக்கிட்டான்.

ராசா வந்தாரு. கொம்பு ஊதுனாங்க. வடத்தைப் பிடிச்சு, "ஏலேலோ, ஐலசா"ன்னு இழுத்தாங்க. பிச்சாண்டி கப்பல் ஒரு விரக்கடை நகரலை. கூத்தையன் கப்பலா, விர்ருன்னு சறுக்கி, தொபுக்குன்னு தண்ணியில விழுந்து, அன்னப்பறவையாட்டம் மிதந்துச்சு. ராசா கொடி மேல ஏறுச்சு. கூத்தையன் பாய்மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கரையப் பாத்துச் சிரிச்சான். 'இப்பச் சொல்லுங்க மகாராசா, எது பல்லக்கு?'

சிரிச்ச வாய் மூடலை, காலு நனைஞ்சுச்சு. குனிஞ்சு பாத்தா இடுக்கெல்லாம் ஊத்தாட்டம் தண்ணி. மத்தவங்க குதிச்சு நீந்திட்டாங்க. இவனுக்கு நம்பவும் முடியலை, கொடியை விடவும் மனசில்லை. கப்பலோட சேந்து கழுத்து வரைக்கும் போயிட்டான். பிச்சாண்டிதான் தன் கப்பலை விட்டுட்டு, கட்டுமரத்துல பாஞ்சு போயி, முடியப் பிடிச்சு இழுத்துக் கரை சேத்தான்.

"அத்தான், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அப்பவும் அந்தப் பாவி நெஞ்சுக்குள்ள என்ன நினைச்சான் தெரியுமா? 'போகட்டும், அவன் கப்பலும்தானே நகரலை'ன்னு நினைச்சான்.

ராசா தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "ஒண்ணு முங்கிருச்சு, ஒண்ணு நகர மாட்டேங்குது. என் தங்கச்சி சனத்துக்கு நான் என்ன சொல்லுவேன்?"

செண்பகவடிவு சறுக்குக் கட்டையில இருந்த கொழுப்பை ஒரு கை வழிச்சு எடுத்தா. நேரா வந்து புருசன் முன்னால நீட்டுனா.

"காலையில இதை என் கையால தடவுனேன், வெண்ணெயாட்டம் இருந்துச்சு. இப்ப மணலு. உச்சிப்பொழுதுக்கு நான் சோறு போட்டு வச்சேனே, நீங்க ஏன் வரலை?"

கூத்தையன் தலை குனிஞ்சுக்கிட்டு, "நான்தான்"னான்.

"அத்தானா!"ன்னான் பிச்சாண்டி. அன்னைக்குத்தான் முதமுதலா அவன் சிரிக்காம நின்னதை ஊரு பாத்துச்சு.

மணலை வழிச்சு, மறுபடி கொழுப்பு தடவி, ராசாவே வடத்துல கை போட்டு இழுத்தாரு. கப்பல் இறங்குச்சு. ரெண்டு கப்பல் நெல்லுல ஏத்த முடிஞ்ச மட்டும் ஏத்துனாங்க. அப்புறம் ராசா கூத்தையன் கையில ஒரு வாளியைக் குடுத்தாரு.

"உன் கப்பலைத் தண்ணிக்குக் குடுத்தியே, இந்தக் கப்பலுக்கு அடியில உக்காந்து தண்ணி இறை. ஒரு வாளித் தண்ணி சேந்தா மேல வரலாம். அது வரைக்கும் அங்கயே கிட."

கப்பல் தீவுக்குக் கிளம்புச்சு, கூத்தையன் அடித்தட்டுல உக்காந்தான். ஒரு வாளி எம்புட்டு நேரம் சேரும், நாளைக்கே மேல போயிரலாம்னு நினைச்சான். ரெண்டு நாள் கழிச்சுப் பிச்சாண்டி மேல இருந்து எட்டிப் பாத்தான். "அத்தான், தண்ணி வந்துச்சா?"

"வரலை."

இடுக்கு இடுக்கா விரலை வச்சுத் தடவுனான். காதை வச்சுக் கேட்டான். வெளிய கடலு முட்டுது, உள்ள ஒரு சொட்டு இல்லை. நாலாம் நாள் பிச்சாண்டி, "அத்தான், தண்ணி வந்துச்சா?"

"வரலை."

அந்த இடுக்கெல்லாம் அவன் பொஞ்சாதி பஞ்சு அடிச்சது. அந்த விலாவெல்லாம் அவன் கழிச்சு விட்ட மரம். ஏழாம் நாள், "அத்தான், தண்ணி வந்துச்சா?"ன்னு கேட்டதும் கூத்தையனுக்குக் கண்ணுல பொலபொலன்னு கொட்டிருச்சு.

"வரலை மாப்ள. வராது. நான் கட்டியிருந்தாக்கூட இம்புட்டு உறுதியா அமைஞ்சிருக்காது. நல்லாக் கட்டியிருக்க."

பிச்சாண்டி கையை நீட்டுனான். "ராசா இங்க இல்லை, மேல வாங்க அத்தான். தீவு தெரியுது. மூட்டை இறக்க ஆள் வேணும்."

மேல வந்து பாத்தா, கரை நெடுக எலும்பும் தோலுமா சனம் நிக்குது. முதல் மூட்டையைக் கூத்தையன்தான் தோள்ல தூக்கிக்கிட்டு இறங்குனான்.

அடுத்தவன் கப்பலையே பாத்துக்கிட்டு நின்னவன் தன் கப்பலை முங்க விட்டான், கடைசியில அந்த அடுத்தவன் கப்பலுக்கு அடியிலயே உக்காந்தான். கப்பலும் கரை சேந்துச்சு, தீவு அடுப்பும் பத்துச்சு, உங்க கண்ணும் சொக்குது. படுங்க.