ராஜா சட்டையில் ஓர் ஒட்டு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைப்பட்டணத்தைக் குவலயசிம்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவருக்குப் புது மோஸ்தரில் சட்டை வேண்டும். ராணி அமுதவல்லி இருந்தவரை இந்தப் பித்து கிடையாது. அவள் கண்ணை மூடியதும் அவள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்குக் கண்ணாடி முன்னால் போய் நின்றவர்தான்.

ஊருக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று. அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. ராஜா சட்டைக் கைவிளிம்பில் முத்து வைத்துத் தைத்துக்கொண்டு தேரில் வருவார். தையற்காரர் தெரு மொத்தமும் முண்டியடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்க்கும். கொஞ்ச நாளில் வியாபாரிகள் சட்டையில் கண்ணாடி மணி. பிறகு கத்தரிக்காய் விற்பவர்கள் சட்டையில் குன்றிமணி. வண்டிக்காரன் ஒருவன் ஆசை தாங்காமல் தன் காளையின் முன்காலிலும் ஒரு வரிசை குன்றிமணி கட்டிவிட்டான். ராஜா அதைப் பார்த்துத் தொலைத்தார்.

"நான் போட்டதை மாடு போட்டுக்கொண்டு போகிறது!" என்று சபையில் குதித்தார்.

ராஜாவின் ஆடை அதிகாரி பூவராகன் இதற்குத்தான் காத்திருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "எல்லாம் தையற்காரர்கள் செய்கிற வேலை, பிரபு. அந்தத் தெருவையே காலிசெய்து எல்லைக்கு அப்பால் துரத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது."

"துரத்து!" என்றார் ராஜா.

மந்திரி கூத்தபிரான் எழுந்தார். சின்ன வயதிலிருந்தே ராஜாவுக்குத் தோழர் அவர். "மன்னா, பெண்டு பிள்ளைகளோடு எங்கே போவார்கள்? யாராலும் பார்த்துத் தைக்க முடியாத சட்டை ஒன்றை நான் தருகிறேன். அந்தத் தெரு இருந்துவிட்டுப் போகட்டும்."

பூவராகனுக்கு வாயெல்லாம் பல். "ஊரார் அதையும் தைத்துவிட்டால்?"

"அவர்களோடு நானும் மூட்டை கட்டுகிறேன். மந்திரி மோதிரம் உமக்கு. விரலைக் கொஞ்சம் இளைக்க வைத்துக்கொள்ளும்."

சபை சிரித்தது. கூத்தபிரான் ராஜாவின் பக்கம் திரும்பினார். "ஆனால் மன்னா, அந்தச் சட்டைக்கு உங்கள் இடுப்பிலிருக்கும் சாவி வேண்டும்."

"கூத்தா, அது..."

"தெரியும், மன்னா."

ராஜா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மந்திரி தட்டில் ஏந்தி வந்தது ஒரு பழைய நீலப் பருத்திச் சட்டை. வெளுத்துப் போயிருந்தது. முழங்கையில் கோணலாக ஒரு சிவப்பு ஒட்டு.

"இதுவா!" என்று பூவராகன் மூக்கைப் பொத்தினார்.

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமான புதிதில் அவள் இலந்தைப்பழம் கேட்டாள். முள் மரத்தில் ஏறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டேன். அப்பா திட்டுவாரே என்று பயந்தேன். அவள் தன் முந்தானையைக் கிழித்து இந்த ஒட்டைப் போட்டாள். அரசகுமாரி, ஊசியே பிடித்ததில்லை. விரலெல்லாம் குத்திக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் சிரித்தாள்." அங்கேயே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வயிற்றில் பித்தான் சேரவில்லை. அப்படியே வீதியுலா போனார். சபையில் சொன்ன கதையும் அவரோடு ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த சந்தை நாளன்று பூவராகன் மூச்சிரைக்க ஓடிவந்தார். ராஜா எதை உடுத்தினாலும் அதே மோஸ்தரில் உடுத்துவது அவர் வழக்கம். அவருடைய பட்டுச் சட்டையின் முழங்கையில் சரிகை ஒட்டு மின்னியது. "பிரபு! ஊர் பூராவும் ஒட்டு! புதுச் சட்டையையே கிழித்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்!"

ராஜா முகம் சிவக்கச் சந்தைக்கு வந்தார். மெய்தான். பார்த்த முழங்கையிலெல்லாம் ஒட்டு. பூசணிக்காய் விற்றவளைக் கூப்பிட்டார். "இதை எந்தத் தையற்காரன் தைத்தான்?"

"தையற்காரனா? எங்க வீட்டுக்காரரு தச்சது சாமி. ராணியம்மா கதையைக் கேட்டுப்புட்டு, நானும் தைக்கிறேன்னு உக்காந்தாரு. பாருங்க, எருமை நடந்த வரப்பு மாதிரி கோணிக்கிட்டுப் போகுது!"

மூட்டை தூக்குகிறவன் கையை நீட்டினான். "இது எம்மவ தச்சது மகராசா. கட்டிக்கொடுத்து வேத்தூரு போயிட்டா. முந்தாநேத்து வந்தப்போ கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன்." சொல்லிவிட்டு ஒட்டைத் தடவிக்கொண்டான்.

ராஜாவின் கோபம் எங்கே போயிற்றோ! ஒவ்வொரு முழங்கையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "கூத்தா, நீ ஜெயித்தாயா, தோற்றாயா?"

"இதில் ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் நான் தோற்றேன், மன்னா. தையற்காரர் தெருவுக்கு இந்தத் தடவை ஒருவரும் போகவில்லை. பிழைப்பே போச்சு என்று அவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்."

ராஜா பூவராகனிடம் திரும்பினார். "உம்முடையது நேராக, அழகாக இருக்கிறதே. யார் தைத்தது?"

"அரண்மனைத் தையற்காரன், பிரபு."

"அவன் பெயர்?"

பூவராகன் தன் சரிகை ஒட்டைக் கையால் மூடிக்கொண்டார். தன் தையற்காரனின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஊரிலேயே ஒட்டில்லாத சட்டை உம்முடையது ஒன்றுதான்" என்றார் ராஜா. "தையற்காரர் தெருவில் போய் உட்காரும். உம் கையால் ஓர் ஒட்டுப் போட்டுக்கொண்டு சபைக்கு வாரும். இனிமேல் அந்தத் தெருவை யாரும் துரத்தாமல் நீரே பார்த்துக்கொள்ளும்." மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

அரண்மனைக்குத் திரும்பியதும் ராணியின் அறைக் கதவை விரியத் திறந்து வைத்தார். பிறகு அதை யாரும் பூட்டவில்லை. மோஸ்தர்கள் அந்த ஊரில் அப்புறமும் எத்தனையோ வந்தன, போயின. இலந்தைப்பழம் பழுக்கிற மாதத்தில் மட்டும் ராஜா அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீதியில் வருவார், வயிற்றில் பித்தான் சேராமலேயே.